திருடாதவன் என்ன பண்ணுவான்?
(கற்பனை உலகக் கணினி விளையாட்டுகளில் குற்றமும் தண்டனையும் - ஓர் ஆய்வு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். பேரவைச் செயலாளர் அண்ணனிடம் போய், "கம்ப்யூட்டர் கேம் பத்தி எழுதலாமாண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கட்டுரைன்னா அதுல ஏதாவது படிப்பு இருக்கணும்ப்பா" என்றார். இதில் படிப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முன்னுரை

எங்கள் விடுதி அறையில் ஒரே ஒரு பழைய லேப்டாப். அதைச் சுற்றி ஐந்து தலை. ஒருவன் விளையாடுவான், நான்கு பேர் யோசனை சொல்வோம். விளையாட்டின் பெயர் 'ஸ்கைரிம்'. ஒருநாள் நண்பன் ரிவர்வுட் என்ற கிராமத்தில் சும்மா ஒரு அம்பை விட்டான். அது ஒரு கோழி மேல் பட்டுக் கோழி செத்துவிட்டது. அவ்வளவுதான். ஊரே கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அடிக்க வந்துவிட்டது. "ஒரு கோழிக்கா இத்தனை பேரு?" என்று சிரித்தோம்.

மறுநாள் இன்னொருவன் ஒரு வித்தை காட்டினான். ஒரு கடைக்குள் போய், அங்கே கிடந்த பக்கெட்டைத் தூக்கிக் கடைக்காரர் தலையில் கவிழ்த்தான். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கெட்டோடு அப்படியே நின்றார். இவன் கடையையே காலி பண்ணிவிட்டு வெளியே வந்தான். காவலர் ஒருவர்கூடத் தொடவில்லை.

கோழியைக் கொன்றவன் குற்றவாளி, கடையைக் கொள்ளையடித்தவன் நல்லவனா? இது என்ன நியாயம்? இந்தக் கேள்வியில்தான் என் ஆராய்ச்சி ஆரம்பித்தது.

இவை எப்படிப்பட்ட விளையாட்டுகள்?

பந்தயக் கார் விளையாட்டில் ஒரு பாதைதான் உண்டு. நாம் இங்கே பேசப்போகும் விளையாட்டுகள் அப்படியல்ல. மலை, காடு, ஊர், சந்தை, கோட்டை எல்லாம் உள்ள ஒரு முழு உலகம். எங்கு வேண்டுமானாலும் போகலாம், யாரிடமும் பேசலாம், எந்த வீட்டுக் கதவையும் திறக்கலாம். மந்திரவாதிகளும் டிராகன்களும் உண்டு. நாம் ஒரு பாத்திரமாக வாழ்கிறோம்.

இந்த வகையில் புகழ் பெற்றது அமெரிக்காவின் பெதெஸ்தா நிறுவனம் செய்த 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசை. அதில் டேகர்ஃபால் 1996-இலும், மாரோவிண்ட் 2002-இலும், ஆப்ளிவியன் 2006-இலும், ஸ்கைரிம் 2011-இலும் வெளிவந்தன. இதற்கெல்லாம் முன்னோடி, ரிச்சர்ட் கேரியட் என்பவர் உருவாக்கி 1985-இல் வந்த 'அல்டிமா 4'.

எதையும் தொடலாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? எல்லாரும் எல்லாவற்றையும் எடுப்பார்கள். ஆகவே இந்த உலகங்களுக்குச் சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டத்தை எழுதியவர் நீதிபதி அல்ல, நம்மைப் போல் நிரல் எழுதிய ஒருவர். அதனால்தான் இது நம் துறைக்குரிய பாடம் என்கிறேன்.

ஐந்து கேள்விகள்

ஒரு விளையாட்டில் குற்றத்தைக் கையாள வேண்டுமென்றால், நிரல் எழுதுபவர் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதியே ஆகவேண்டும்.

1. எது குற்றம்?
2. யார் பார்த்தது?
3. செய்தி எவ்வளவு தூரம் போகும்?
4. தண்டனை என்ன?
5. குற்றம் எப்போது மறக்கப்படும்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எது குற்றம்?

ஸ்கைரிமில் ஒரு விலைப் பட்டியலே இருக்கிறது. அடுத்தவர் வீட்டில் அனுமதியின்றி நுழைந்தால் 5 பொன். பாக்கெட் அடித்தால் 25. ஒருவரை அடித்தால் 40. சிறையிலிருந்து தப்பினால் 100. கொலை செய்தால் 1000. திருட்டுக்குப் பொருளின் மதிப்பைப் பொறுத்துத் தொகை. ஊர் நடுவே ஓநாய் மனிதனாக உருமாறினால் அதற்கும் 1000, அதாவது கொலைக்குச் சமம்.

டேகர்ஃபாலில் இன்னொரு குற்றம் இருந்தது. ஊர் எல்லைக்குள் தெருவில் படுத்துத் தூங்கக்கூடாது. தூங்கினால் நாடோடித் திரிந்த குற்றம் என்று காவலர் பிடிப்பார்கள். விடுதிக்குக் காசு இருப்பவன் மெத்தையில் தூங்கலாம். காசு இல்லாதவன் தூங்கினாலே குற்றவாளி. 1996-இல் எழுதிய விளையாட்டில் இதைப் பார்த்தபோது, பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்களைத் தடியால் தட்டி எழுப்புவது நினைவுக்கு வந்தது.

யார் பார்த்தது?

இதுதான் பக்கெட்டின் ரகசியம். ஸ்கைரிமில் யாராவது பார்த்தால்தான் குற்றம் பதிவாகும். பாத்திரத்தின் கண்ணிலிருந்து நம் மேல் ஒரு நேர்கோடு போட முடிகிறதா என்று கணினி சோதிக்கிறது. நடுவில் சுவர் இருந்தால் கோடு தடைபடும். பக்கெட் இருந்தாலும் தடைபடும். கணினிக்குச் சுவரும் ஒன்றுதான், பக்கெட்டும் ஒன்றுதான். நம் பாடமுறைப்படி படிநிலையாக எழுதினால் இப்படி வரும்:

படி 1: பொருள் அடுத்தவருடையதா? ஆம் எனில் படி 2.
படி 2: பார்த்தவர் எண்ணிக்கை பூஜ்யத்தைவிட அதிகமா? ஆம் எனில் படி 3. இல்லை எனில் முடிவு.
படி 3: குற்றத்தொகையில் அபராதத்தைக் கூட்டு.

இதில் ஒரு பயங்கரமான ஓட்டை இருக்கிறது. பார்த்தவர் ஒருவர்தான் என்றால், அவரையும் கொன்றுவிட்டால், கடைசி சாட்சி ஒழிந்தது, குற்றத்தொகை நீக்கப்பட்டது என்று திரையில் எழுத்து வரும். ஐந்து பொன் குற்றத்தை மறைக்க ஒரு கொலை செய்பவனுக்குக் கணினி தரும் பரிசு இது. எழுதியவர் நினைத்து எழுதியது நியாயம்தான்: சாட்சி இல்லையேல் வழக்கு இல்லை. ஆனால் நியாயமான ஒரு வரியிலிருந்து எவ்வளவு அநியாயமான ஒரு வழி பிறக்கிறது பாருங்கள்.

இதற்கு நேர்மாறானது அல்டிமா 4. அந்த உலகில் நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டுப் பண்புகள். மந்திரத்துக்கு வேண்டிய மூலிகை விற்கும் கடைக்காரருக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைக்கிறோம் என்பதை நாமேதான் சொல்ல வேண்டும். குறைத்து வைத்தாலும் வாங்கிக்கொள்வார். காவலர் வரமாட்டார், மணி அடிக்காது. ஆனால் உள்ளே எங்கோ 'நேர்மை' என்ற எண் குறைந்துவிடும். அந்தப் பண்பில் தேர்ச்சி பெறாமல் விளையாட்டை முடிக்க முடியாது. நம் பாட்டிமார் சொல்கிற "சாமி பார்க்கும்" என்பதை ஒருவர் 1985-லேயே நிரலாக எழுதியிருக்கிறார்!

ஆப்ளிவியனில் இன்னொரு வேடிக்கை. யாருக்கும் தெரியாமல் ஓர் அப்பாவியைக் கொன்றால் காவலர் வரமாட்டார். ஆனால் அடுத்த முறை நாம் தூங்கி எழும்போது கறுப்பு அங்கி போட்ட ஒருவர் பக்கத்தில் நிற்பார். கொலைகாரர் கூட்டத்தில் சேர அழைப்பார். சட்டம் பார்க்காததைக் கூலிப்படை பார்த்திருக்கிறது.

செய்தி எவ்வளவு தூரம் போகும்?

மாரோவிண்டிலும் ஆப்ளிவியனிலும் ஒரே கணக்குதான். ஒரு மூலையில் செய்த தவறுக்கு மறுகோடியில் உள்ள காவலரும் பிடிப்பார். ஆள் போய்ச் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிடும். இதை விளையாடுபவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஸ்கைரிமில் இதைத் திருத்தினார்கள். அந்த நாட்டில் ஒன்பது பிரிவுகள், நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கணக்கு. ஒரு பிரிவில் கொலை செய்தவன் எல்லை தாண்டினால் அடுத்த ஊரில் கௌரவமாக நடக்கலாம்.

ஜெர்மனியில் உருவாகி 2001-இல் வந்த 'கோதிக்' விளையாட்டில் வேறு முறை. கதை நடப்பதே மந்திரச் சுவர் சூழ்ந்த ஒரு கைதிகள் குடியிருப்பில்தான். அங்கே பெரும்பாலும் ஆளுக்கு ஆள் தீர்த்துக்கொள்வதுதான். அடுத்தவர் குடிசைக்குள் போனால் முதலில் எச்சரிப்பார்கள். கேட்கவில்லை என்றால் அடித்துக் கீழே தள்ளி, நம் ஆயுதத்தையும் கையிலிருக்கும் தாதுவையும் எடுத்துக்கொண்டு போவார்கள். கொல்லமாட்டார்கள். அடி வாங்கியவன் எழுந்து தூசு தட்டிவிட்டு நடக்க வேண்டியதுதான். எங்கள் தெருச் சண்டைக்கு இதுதான் கிட்ட வருகிறது!

தண்டனை என்ன?

காவலர் நம்மைப் பிடித்ததும் ஸ்கைரிமில் சில வழிகள் திரையில் வரும். அபராதம் கட்டலாம், சிறைக்குப் போகலாம், எதிர்த்துச் சண்டை போடலாம். அபராதமோ சிறையோ, திருடிய பொருளைப் பறித்துக்கொள்வார்கள். சிலருக்கு மட்டும் கூடுதல் வழிகள் உண்டு. திருடர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் லஞ்சம் கொடுக்கலாம். அந்தப் பிரிவின் தலைவரிடம் 'தேய்ன்' என்ற பட்டம் வாங்கியிருந்தால், "நான் யார் தெரியுமா?" என்ற பாணியில் சொல்லி ஒருமுறை தப்பிக்கலாம். நண்பர்களே, இதைப் பார்த்தபோது கற்பனை உலகம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை!

அபராதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்கைரிமில் ஒரு ராத்திரி விடுதியில் தங்க 10 பொன். அங்கே நாம் வாங்கக்கூடிய வீடுகளில் ஒன்றின் விலை 5000 பொன். அப்படியானால் ஒரு மனித உயிரின் விலை நூறு ராத்திரி வாடகை, அல்லது ஒரு வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு. விளையாட்டின் தொடக்கத்தில் கையில் காசில்லாத நாளில் இந்த 1000 பொன் மலை மாதிரி. கொஞ்ச நாள் குகைகளில் புகுந்து சம்பாதித்த பிறகு அது டீக்காசு. அபராதம் ஒன்றுதான், ஆனால் ஏழைக்கு அது தண்டனை, பணக்காரனுக்கு அது நுழைவுக் கட்டணம்.

சிறை எப்படி? ஸ்கைரிமில் சிறையில் படுத்துத் தூங்கினால் தண்டனைக்காலம் ஓடிவிடும். திறமைகளில் அடுத்த நிலைக்கு நாம் சேர்த்துவைத்த முன்னேற்றம் அழிந்துபோகும். மாரோவிண்டில் இன்னும் கடுமை. நூறு பொன்னுக்கு ஒரு நாள் என்று கணக்கு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு திறமை ஒரு புள்ளி குறையும். ஆனால் இரண்டு திறமைகள் மட்டும் குறையாது, கூடும். அவை என்ன தெரியுமா? பூட்டு உடைப்பதும், சத்தமில்லாமல் பதுங்கி நடப்பதும்! சிறைக்குப் போனவன் கைத்தொழிலை மறந்து திருட்டுத் தொழிலைக் கற்றுக்கொண்டு வருகிறான் என்று ஒரே வரி நிரலில் சொல்லிவிட்டார்கள். மேடைப் பேச்சில்கூட இதை இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை.

குற்றம் எப்போது மறக்கப்படும்?

பணம் கட்டினால் காவலர் மறந்துவிடுவார். ஆப்ளிவியனிலும் மாரோவிண்டிலும் திருடர் சங்கத்து ஆட்கள் மூலமாகக் கட்டினால் பாதித் தொகைதான். சட்டத்துக்கே தள்ளுபடி விற்பனை!

ஆனால் எல்லாரும் மறப்பதில்லை. ஸ்கைரிமில் நம்மிடம் பொருள் பறிகொடுத்தவர் சில சமயம் கூலி அடியாட்களை அனுப்புவார். அவர்களைத் தோற்கடித்தால் சட்டைப்பையில் ஒப்பந்தக் கடிதம் இருக்கும், யார் அனுப்பினார் என்ற பெயரோடு. ஆப்ளிவியனில் புகழ், அவப்புகழ் என்று இரண்டு கணக்குகள். அவப்புகழ் அதிகமானால் கோயில் பீடங்கள் அருள் தராது. பின்னர் வந்த 'நைட்ஸ் ஆஃப் தி நைன்' என்ற கூடுதல் பகுதியில், ஒன்பது தெய்வங்களின் பீடங்களுக்கும் யாத்திரை போய்வந்தால் அவப்புகழ் முழுதும் கழியும். பரிகாரம் என்ற எண்ணம் அங்கேயும் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மன்னிப்பு ஒன்று உண்டு. தப்பு நடந்துவிட்டதா, பழைய சேவ் கோப்பைத் திறந்துகொள்ளலாம். கொலையே நடக்கவில்லை! அது நமக்கு வாழ்க்கையில் கிடையாது.

அப்பா கேட்ட கேள்வி

இதுவரை எழுதியதை ஒரு கட்டுரையாக முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பொங்கல் விடுமுறைக்கு நண்பனின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். என் அப்பா ஒரு கிடங்கில் இரவுக் காவலர். பகலில்தான் தூங்குவார். அன்று தூக்கம் வராமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

திரையில் வாளும் கேடயமுமாக நின்றவரைக் காட்டி, "இவரு யாருடா?" என்றார்.

"வாட்ச்மேன்தான்ப்பா. அந்த ஊரு காவலாளி."

"ராத்திரி பூரா நிப்பாரா?"

"நிப்பாருப்பா."

"சம்பளம் எவ்வளவு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. விளையாட்டைக் காட்ட ஒரு வீட்டில் வெள்ளித் தட்டு ஒன்றைத் திருடினேன். காவலர் பிடித்தார். திரையில் வந்த வழிகளை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பணம் கட்டுறது, ஜெயிலுக்குப் போறது, சண்டை போடுறது.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் செய்யலன்னு சொல்ற எடம் எங்கடா இருக்கு?" என்றார்.

"நான்தான் திருடினேனேப்பா. நீங்களே பார்த்தீங்களே."

"நீ திருடின. திருடாதவன் என்ன பண்ணுவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவர் ஏன் கேட்டார் என்று தெரியும்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அப்பா வேலை பார்த்த கிடங்கில் செம்புக் கம்பி இரண்டு கட்டு குறைந்தது. யாரும் திருடியதைப் பார்க்கவில்லை. இருப்புப் பதிவேட்டில் இத்தனை கட்டு என்று எழுதியிருந்தது, எண்ணிப் பார்த்தால் இரண்டு இல்லை. இரவில் இருந்தது அப்பா. எனவே அப்பா சம்பளத்தில் பிடித்தார்கள், மாதம் 1500 வீதம் மூன்று மாதம். அந்தப் பதிவேட்டை அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "எழுதியிருக்குன்னு சொல்றாங்க, நான் என்னத்த சொல்ல?" என்று அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் அந்த இரண்டு கட்டும் வேறொரு பில்லில் வெளியே போயிருந்தது தெரிந்தது. ஏற்றியவர் எழுத மறந்துவிட்டார். பிடித்த பணம் திரும்பி வரவில்லை. அப்பா இன்றைக்கும் யாராவது சரக்கு ஏற்றினால் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைக்கிறார். அது அவருடைய பதிவேடு.

பதிலைத் தேடினேன்

விடுதிக்குத் திரும்பியதும் அந்தக் கேள்விக்கு எங்காவது பதில் இருக்கிறதா என்று தேடினேன். ஆச்சரியம், பழைய விளையாட்டில் இருந்தது. 1996-இல் வந்த டேகர்ஃபாலில் பிடிபட்டால் நேரே நீதிமன்றம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று கேட்பார்கள். மறுத்தால் வாதாடலாம் அல்லது பொய் சொல்லலாம். வாதாடினால் நம் நாகரிகப் பேச்சுத் திறமையும், பொய் சொன்னால் தெருவில் கற்ற சாமர்த்தியமும் கணக்கில் எடுக்கப்படும். அந்த வட்டாரத்தில் நமக்கு என்ன பெயர் என்பதும் பார்க்கப்படும். தோற்றால் அபராதம், சிறை அல்லது நாடு கடத்தல்.

இது முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் பேசத் தெரிந்தவன் தப்பிப்பான். பேசத் தெரியாத என் அப்பா மாதிரி ஆள் அங்கேயும் தோற்றுத்தான் போவார். ஆனாலும் 'இல்லை' என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. பின்னால் வந்த மாரோவிண்ட், ஆப்ளிவியன், ஸ்கைரிம் மூன்றிலும் படம் அழகானது, உலகம் உயிர் பெற்றது, நீதிமன்றம் மட்டும் காணாமல் போனது.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டுகளில் நாம் தட்டைத் தூக்குவதை நடத்துவதும் கணினிதான், அதைப் பதிவு செய்வதும் அதே கணினிதான். செயலும் பதிவும் ஒன்று. ஆகவே பதிவு தவறாக இருக்கவே முடியாது. காவலர் பிடித்தால் நாம் செய்திருப்போம். எனவே மறுக்கும் வழி எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஸ்கைரிமை எழுதியவர்களுக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்க வேண்டும். அதில் மார்கார்த் என்று மலையைக் குடைந்து கட்டிய ஒரு நகரம். அங்கே நடக்கும் கொலைகளைப் பற்றி நாம் விசாரிக்கப் போனால், நம்மைக் கேட்டுக்கொண்ட ஆளைக் காவலரே கொன்றுவிட்டு, அந்தக் கொலைகளையும் நம் தலையில் கட்டுவார்கள். சரணடைந்தால் சிட்னா சுரங்கம் என்ற சிறை. அது வெள்ளி வெட்டி எடுக்கும் சுரங்கம். சொந்தக்காரர்கள் சில்வர்-ப்ளட் என்ற பணக்காரக் குடும்பம். கைதிகள் உழைப்பார்கள், வெள்ளி அவர்களுக்குப் போகும். அங்கே நாம் உண்மையாகவே நிரபராதி. ஆனாலும் 'நான் செய்யவில்லை' என்று சொல்லி வெளியே வர வழி கிடையாது. உள்ளே இருக்கும் கலகக்காரர் தலைவனோடு சேர்ந்து தப்பலாம், அல்லது அவனைக் கொன்று விடுதலை வாங்கலாம். நிரபராதி வெளியே வரவேண்டும் என்றால் முதலில் ஏதாவது குற்றம் செய்தாக வேண்டும்! அந்த வரிசையில் என்னை மிகவும் பாதித்த இடம் அதுதான்.

ஆறாவது கேள்வி

நண்பர்களே, நான் தொடக்கத்தில் ஐந்து கேள்விகள் எழுதினேன். ஆறாவது ஒன்று விட்டுப்போயிருந்தது. அதைச் சொன்னவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அப்பா.

6. செய்யாதவன் எங்கே போய்ச் சொல்வது?

இது விளையாட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. நாம் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போவோம். வருகைப்பதிவு மென்பொருள், கிடங்கு இருப்புக் கணக்கு, கடன் வசூல், அபராத ரசீது இப்படி ஏதாவது ஒன்றுக்கு நம்மில் யாரோ நிரல் எழுதுவோம். அங்கேயும் படி 1, படி 2, படி 3 வரும். ஆனால் அங்கே செயல் ஒரு இடத்தில் நடக்கும், பதிவு இன்னொரு இடத்தில் ஏறும். நடுவில் மறதி வரும், அவசரம் வரும், கெட்டுப்போன மெஷின் வரும்.

என் அம்மா கட்டட வேலையில் சித்தாள். சிமெண்டும் செங்கல்லும் தொட்டுத் தொட்டு விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. கைரேகை வைக்கிற மெஷின் சில நாள் அவரை ஏற்காது. "நான்தான்யா அது" என்று ஆளே நேரில் நின்று சொன்னாலும், மெஷினில் அதற்குப் பொத்தான் இல்லை. அதைச் செய்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ரேகை தேய்கிற வேலை பார்ப்பவர் யாரும் அவர் வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நம் வீடுகளில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான், உங்களிலும் பலர் அப்படித்தான். விட்டுப்போன வரி எது என்று நமக்குத் தெரியும்.

ஆகவே நாம் எழுதும் எந்த நிரலிலும் ஒருவர் மேல் குறை எழுதும் வரி இருந்தால், அதற்குக் கீழே மூன்று வரிகள் எழுதப் பழகுவோம்.

அ) இந்தப் பதிவை மறுக்க ஓர் இடம்.
ஆ) மறுத்தால் மெஷின் அல்ல, ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.
இ) தவறு என்று தெரிந்தால், பிடித்ததைத் தானாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வரியை மறக்காதீர்கள். 4500 ரூபாய் பெரிய தொகை இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் இரவில் கஞ்சிதான்.

முடிவுரை

கணினி விளையாட்டு நேரத்தைத் தின்னும் என்று நம் ஆசிரியர்கள் சொல்வது உண்மை. என் கணித மதிப்பெண்ணைப் பார்த்தால் உங்களுக்கும் புரியும். ஆனால் ஒரு விளையாட்டின் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், அதை எழுதியவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. பக்கெட்டுக்குள் நின்ற கடைக்காரரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். நிரல் எழுதும்போது அந்தப் பக்கெட் நம் தலையில் இருக்கக்கூடாது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் போனில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். "செம்புக் கம்பி ரெண்டு கட்டுன்னு சரியா எழுதியிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருக்கிறேன் அப்பா.



- இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்